நாலேகால் நூஹு

புத்தளத்தில் நூஹு என்று கூப்பிட்டால் பத்துப் பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். உப்புச் சங்கத்துக் கந்தோரில் வேலை பார்த்த நூஹுவைப் பிரித்தறிய ஊர் வைத்த பெயர் ‘நாலேகால் நூஹு’. பின்னேரம் நாலேகாலுக்கு அந்தக் கந்தோரின் மெயின் சுவிட்ச் விழும். மழையோ பெருநாளுக்கு முந்தின நாளோ, மனேஜர் இருக்கிறாரோ இல்லையோ, அது விழும். எதிரே உள்ள தேத்தண்ணிக் கடைக்காரர் தன் சுவர்க் கடிகாரத்தை நூஹுவின் லைட்டைப் பார்த்துத்தான் திருத்துகிறார் என்று சொல்லிச் சிரிப்பார்கள். நூஹுவும் சிரிப்பார். அந்தப் பெயரில் அவருக்கு உள்ளூரப் பெருமைதான்.

சும்மா வந்த பழக்கமல்ல அது. இருபத்தைந்து வயதில் அவர் அந்தக் கந்தோரில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதம், பின்னறையில் தீப்பிடித்தது. களப்பின் உப்புக் காற்று தின்று பச்சை பிடித்த பழைய வயர், யாரோ அணைக்க மறந்துபோன மின்விசிறி, விடிய விடிய ஓடிச் சூடாகிப் பற்றிக்கொண்டது. காலையில் கதவைத் திறந்த நூஹு ஈரச் சாக்குகளை இழுத்துப் போட்டுப் பாதிப் பதிவேடுகளைக் காப்பாற்றினார். இடது முழங்கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. முன்னிருந்த காவல்காரருக்கு வேலை போயிற்று. அப்போதிருந்த மனேஜர் ஒரு தகரப் பலகையை நூஹுவின் கையில் கொடுத்து, எழுது என்றார். ‘மாலை 4.15க்கு மெயின் சுவிட்சை அணைக்கவும். தவறினால் ஊழியரே பொறுப்பு.’ நூஹு எழுதினார். தானே எழுதிய கட்டளைக்குத் தானே பத்தொன்பது வருடம் கட்டுப்பட்டார்.

எழுதச் சொன்னதற்குக் காரணம், அவர் கையெழுத்து. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனவர்தான். வாப்பா உப்பளத்தில் காலில் வெட்டுப்பட்டுப் படுத்ததால் மகன் மண்வெட்டியைத் தூக்க வேண்டியதாயிற்று. ஆனால் தமிழ் எழுத்து என்றால் அவருக்கு ஒரு மரியாதை. பேப்பரை முதல் பக்கத்திலிருந்து மரண அறிவித்தல் வரை வாசிப்பார். பாண் சுற்றி வந்த கடுதாசியையும் விரித்து வாசித்துவிட்டுத்தான் எறிவார். எங்கே என்ன எழுதியிருந்தாலும் அதன்படி நடப்பார். ‘செருப்பைக் கழற்றவும்’ என்றிருந்தால் பூட்டிய கடைக்கு முன்னாலும் கழற்றுவார் என்று மனைவி அலீமா கேலி செய்வாள். ஆங்கிலம் மட்டும் அவருக்கு ஓடாது. அந்த எழுத்துகளை அவர் சுவரில் ஊறிய உப்புக் கறையைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்.

மெயினை அணைத்ததும் ஒரு கொப்பியில் எழுதுவார். திகதி, நேரம், கையெழுத்து. ‘4.15. மெயின் அணைக்கப்பட்டது. நூஹு.’ சில நாட்களில் ஜன்னல் கொளுக்கி இறுகிவிட்டால் 4.16 அல்லது 4.17 என்றிருக்கும். பொய்யாக 4.15 என்று எழுத மாட்டார். எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. முன்னிருந்தவருக்கு நேர்ந்தது தனக்கும் நேர்ந்தால் கையில் ஒரு சாட்சி இருக்கட்டுமே என்று அவராகவே தொடங்கியது. அப்படிப் பதினொரு கொப்பிகள் அலுமாரியில் சேர்ந்திருந்தன.

நாலு வருடங்களுக்கு முன் கந்தோருக்குக் கணினி வந்தது. கிளாக்கர் இஸ்ஹாக்கின் மேசையில் வைத்தார்கள். இஸ்ஹாக் கற்பிட்டிக்காரர், பட்டதாரி, முப்பத்திரண்டு வயது. கற்பிட்டி பஸ் நாலு இருபதுக்கு. அதைப் பிடிப்பதற்காக நாலு பத்துக்கே பையைத் தோளில் மாட்டிவிடுவார். எழும்பும்போது கணினியில் எதையோ ஒன்றை அழுத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார். திரையில் ஒரு வட்டம் சுற்றும். அதன் கீழே வெள்ளை எழுத்து ஏதோ ஆங்கிலத்தில் நிற்கும். நூஹு ஜன்னல்களைச் சாத்தி, ஆயத்துல் குர்ஸி ஓதி நாலு மூலைக்கும் ஊதிவிட்டு, மெயினை விழுத்துவார். வட்டமும் எழுத்தும் அப்படியே அவிந்து போகும்.

ஒரு தடவை கேட்டும் பார்த்தார்.

“சேர், மெஷின் இன்னும் சுத்திக்கிட்டு இரிக்கே?”

வாசலில் நின்ற இஸ்ஹாக் செருப்பை மாட்டியபடி, “அது தானா நிக்கும் நூஹு” என்றார். பஸ் ஹோர்ன் அடித்தது. ஓடிவிட்டார்.

தானா நிற்கிற ஒன்றை நாம் நிறுத்தினால் என்ன என்றுதான் யாரும் நினைப்பார்கள். நூஹுவும் அப்படித்தான் நினைத்தார்.

காலைகள் கெட ஆரம்பித்தன. கிழமையில் இரண்டு நாளாவது கணினி இலேசில் திறக்காது. மறுபடி வட்டம், மறுபடி எழுத்து, முப்பது சதவீதம், நாற்பது சதவீதம். ஒன்பதரை, பத்து மணியாகும். வெளியே உப்பளத்துச் சனம் பதிவுக்கும் கடிதத்துக்கும் வெயிலில் நிற்கும். அவர்களைச் சமாளிக்கிறது நூஹுவின் வேலை. “மெஷின் எழும்பல்ல, கொஞ்சம் பொறுங்க” என்று சொல்லி எத்தனை பேரிடம் ஏச்சு வாங்கியிருப்பார் என்று அவருக்கே தெரியாது. உச்சமுனையிலிருந்து தோணி பிடித்து வந்த ஒரு கிழவி, “உங்கட மெஷினுக்கு எங்கட தோணியே தேவலாம்” என்று துப்பிவிட்டுப் போனாள். டவுனிலிருந்து ஒரு திருத்துநர் வந்து பெட்டியைக் கழற்றி உப்புத் தூசியை ஊதினார். எறும்பு என்றார். இன்டர்நெட் மந்தம் என்றார். இரண்டு தடவை பெட்டியைக் கொண்டுபோய் நாலு நாள் வைத்துவிட்டுக் கொண்டுவந்தார். அவர் கடையில் நன்றாகத்தான் வேலை செய்யும். கந்தோருக்கு வந்து ஒரு மாதத்தில் பழைய கதை.

நூஹு அந்தப் பெட்டிக்காகவும் ஓதி ஊதினார். ஊதிவிட்டு நாலேகாலுக்கு மெயினை விழுத்தினார்.

இவ்வளவுக்கும் அவர் அங்கே நிரந்தர ஊழியரல்ல. பத்தொன்பது வருடமும் அமய ஊழியர். வருடா வருடம் ஒரு துண்டுக் கடிதம், ‘மேலும் ஓராண்டுக்கு’. போன வருடக் கடைசியில்தான் கொழும்புத் தலைமைக் கந்தோரிலிருந்து அறிவித்தல் வந்தது. பத்து வருடத்துக்கு மேல் வேலை செய்த அமய ஊழியர்களை நிரந்தரமாக்கப் போகிறார்கள். நாற்பத்தைந்து வயது நிறைந்திருக்கக் கூடாது. ஒவ்வொரு கிளையும் பெயரையும் பத்திரங்களையும் இணையத்தில் ஏற்ற வேண்டும். கடைசி நாள் ஜனவரி பதினைந்தாம் திகதி, பகல் பன்னிரண்டு மணி. இந்தக் கிளையிலிருந்து போக வேண்டியது ஒரே ஒரு பெயர். நூஹுவுக்கு அடுத்த மாதம் நாற்பத்தைந்து.

அலீமா இரண்டு நோன்பு நேர்ந்துகொண்டாள். அவர்கள் குடியிருந்த தில்லையடியில் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் சொல்லியும் விட்டாள். சொல்லாதே என்றால் கேட்பாளா? பத்தொன்பது வருடமாக “உங்கட மாப்புள கவர்மெண்ட் வேலையா?” என்று கேட்டவர்களுக்கெல்லாம் மழுப்பி மழுப்பி அவளுக்கு நாக்குத் தேய்ந்து போயிருந்தது.

நூஹு பத்திரங்களையெல்லாம் முதல் கிழமையே கொண்டுவந்து கொடுத்தார். இஸ்ஹாக் அவற்றைக் கணினியில் படம் பிடித்து வைத்துக்கொண்டு, “ஏத்துறது அஞ்சு நிமிச வேலை நூஹு, ஏன் அவசரப்படுற?” என்றார். பத்தாம் திகதி கேட்டபோதும் அதே அஞ்சு நிமிடம். பதினாலாம் திகதி பின்னேரம், “நாளைக்குக் காலைல முதல்ல உண்ட வேலைதான்” என்று சொல்லிவிட்டு, எதையோ அழுத்திவிட்டு, பஸ்ஸுக்கு ஓடினார். வட்டம் சுற்றியது. நூஹு அன்று வழமையைவிடச் சந்தோஷமாக மெயினை விழுத்தினார். கொப்பியில் 4.16.

பதினைந்தாம் திகதி காலை எட்டேகாலுக்குக் கணினியைப் போட்டார்கள். வட்டம் சுற்றியது. ஒன்பதாயிற்று, பத்தாயிற்று. இஸ்ஹாக் பொறுமையிழந்து பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டு மறுபடி போட்டார். இரண்டு தடவை அப்படிச் செய்தார். அதற்குப் பிறகு வட்டமும் ஒழுங்காக வரவில்லை. மனேஜர் இப்றாஹிம் கொழும்புக்கு ஃபோன் பண்ணினார். பன்னிரண்டு மணிக்கு இணையப் பக்கம் தானாகவே மூடிவிடும், யாராலும் ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். வழமையான திருத்துநர் ஊரில் இல்லை. வேறொரு கடையிலிருந்து சுஜி என்ற பெண் பதினொன்றே பத்துக்கு ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். இருபத்தாறு வயதிருக்கும். வன்னியிலிருந்து சண்டைக் காலத்தில் வந்து இங்கே தங்கிவிட்ட குடும்பத்துப் பிள்ளை.

அவள் திரையை ஒரு நிமிடம் பார்த்தாள். “இது எழும்ப இன்னும் ரெண்டு மூண்டு மணித்தியாலம் எடுக்கும்” என்றாள். “என்ன அவசரம்?”

நூஹுதான் சொன்னார்.

அவள் மணியைப் பார்த்தாள். பெட்டியைக் கழற்றி உள்ளேயிருந்த டிஸ்கை வெளியே எடுத்தாள். தன் மடிக்கணினியில் ஒரு வயரால் பொருத்தினாள். பழைய டிஸ்க் முனகிக்கொண்டே திறந்தது. நூஹுவின் பத்திரங்களைத் தேடிப் பிடித்துப் பிரதி எடுக்கும்போது பதினொன்று ஐம்பத்திரண்டு. இஸ்ஹாக் கடவுச்சொல்லை மறந்து, கொப்பியைப் புரட்டி, ஒருமுறை பிழையாக அடித்து, மறுமுறை சரியாக அடித்தார். பெயர், அடையாள அட்டை இலக்கம், பிறந்த திகதி. முதல் பத்திரம் ஏறியது. இரண்டாவது ஏறியது. மூன்றாவது ஏறும்போது மணி பன்னிரண்டாயிற்று; திரை வெளுத்து, ஒரு வரி வந்தது. அதை யாரும் நூஹுவுக்கு மொழிபெயர்க்கவில்லை. சுஜியின் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டார். வெளியே போய்க் குழாயடியில் முகம் கழுவிவிட்டு வந்து, எல்லோருக்கும் பிளேன்டீ ஊற்றினார். அவர் வேலை அதுதானே.

சுஜி உடனே போய்விடவில்லை. இப்படி ஏன் நடக்கிறது என்று கண்டுபிடிக்காமல் போக அவளுக்கு மனமில்லை. டிஸ்கைத் திரும்பப் பூட்டி, இரண்டரை மணியளவில் கணினியை எழுப்பிவிட்டாள். அது தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்திருக்கும் குறிப்புகளைத் திறந்து, கீழே கீழே இறக்கிக்கொண்டு போனாள். பிறகு நிமிர்ந்து, நூஹுவை அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டாள்.

“நானா, இந்தக் கந்தோரில பின்னேரத்தில கரண்ட் போறதா? நாலேகாலுக்கு, நாலு பதினாறுக்கு, நாலு பதினேழுக்கு... ஒரே நேரத்தில திரும்பத் திரும்பப் போயிருக்கு.”

“கரண்ட் போறல்ல மிஸ், நான்தான் மெயின ஓஃப் பண்றது.” நூஹுவின் முகத்தில் அன்று முதன்முதலாக ஒரு வெளிச்சம் வந்தது. தன் வேலையைப் பற்றி இந்தக் கந்தோரில் யாரும் கேட்டதேயில்லை. “ஒரு நாளும் தவற விட்டதில்ல. எழுதி வெச்சிரிக்கிறன், பாருங்க.”

கொப்பியைக் கொண்டுவந்து அவள் முன் விரித்து வைத்தார்.

சுஜி திரையையும் கொப்பியையும் மாறி மாறிப் பார்த்தாள். மூன்றாம் திகதி 4.15, இங்கேயும் 4.15. ஒன்பதாம் திகதி 4.17, இங்கேயும் 4.17. நேற்று 4.16, இங்கேயும் 4.16. நிமிடம் பிசகவில்லை. அவள் விரல் மெல்ல நின்றது. பின்னால் மனேஜரும் இஸ்ஹாக்கும் வந்து நிற்பதை அப்போதுதான் கண்டாள். கண்டபோது சொல்லாமல் இருக்க முடியவில்லை.

“கிளாக்கர் சேர் ஷட் டவுன் குடுத்தவுடன இது புதுப்பிப்புகளை உள்ள ஏத்தத் தொடங்குது. பழைய டிஸ்க், அரை மணித்தியாலம் மட்டில எடுக்கும். அது பாதியில நிக்கேக்க கரண்ட் நிண்டுபோகுது. அடுத்த நாள் காலமை, அரைகுறையா ஏறினதையெல்லாம் இது திரும்ப இறக்குது. அதுதான் இவ்வளவு சுணக்கம்.”

“ஆ!” என்றார் இஸ்ஹாக். அவ்வளவு நிம்மதியாக அவர் மூச்சு விட்டதை நூஹு அதற்கு முன் கேட்டதில்லை. “நான் ஒழுங்கா ஷட் டவுன் பண்ணித்தானே போறன்.”

“திரையில எழுதியிருக்குமே சேர், நிப்பாட்ட வேண்டாமெண்டு” என்றாள் சுஜி.

“மெயினை நிப்பாட்டுறது நானில்லையே மிஸ்.”

நூஹு கொப்பியிலிருந்து திரைக்குக் கண்ணைத் திருப்பினார். பிறகு கேட்டார்.

“என்ன எழுதியிரிக்கும்?”

“புதுப்பிப்பு நடக்குது, கணினியை அணைக்க வேண்டாம் எண்டு” என்றாள் சுஜி தரையைப் பார்த்து.

“ஒவ்வொரு நாளுமா?”

“புதுப்பிப்பு வாற நாளெல்லாம்.”

“நாலு வருஷமா?”

அவள் கொப்பியை மெல்ல மூடினாள்.

“அது தமிழ்ல தெரியாதா மிஸ்?”

“தெரியும் நானா. மாத்தலாம்.” அவள் குரல் தாழ்ந்தது. “கொஞ்ச நேர வேலைதான்.”

நூஹு இஸ்ஹாக்கைப் பார்த்தார். “சேர், நான் ஒருக்கா உங்கள்ட்டக் கேட்டன். தானா நிக்கும் எண்டு சொன்னீங்க.”

“நான் அப்படிச் சொன்னதா எனக்கு ஞாபகமில்ல நூஹு” என்றார் இஸ்ஹாக். பட்டதாரிகளுக்கு ஞாபக மறதி வேண்டிய நேரத்தில் வந்து கைகொடுக்கும்.

கொழும்பு விளக்கம் கேட்டிருந்தது. ஏன் பட்டியல் வரவில்லை, யார் பொறுப்பு. மனேஜர் இப்றாஹிம் கெட்டவரல்ல. தன் தலையைக் காப்பாற்றிக்கொள்ளத் தெரிந்த நல்லவர். சுஜியிடம் எழுதி வாங்கிய அறிக்கையில், மெயினை அணைத்தது நூஹு என்ற முதல் மூன்று வரியை மட்டும் வைத்துக்கொண்டார். திரையில் இருந்ததை யாரும் நூஹுவுக்கு வாசித்துச் சொல்லவில்லை என்று அவள் எழுதியிருந்த நாலாவது வரிக்கு, “இது தேவையில்ல மிஸ், கதை நீண்டு போகும்” என்றார். அவள் வாதாடிப் பார்த்தாள். பிறகு வாயை மூடிக்கொண்டாள். அவளுக்கும் கடை முதலாளி ஒருவர் இருந்தார். போவதற்கு முன் கணினியின் மொழியைத் தமிழுக்கு மாற்றிவிட்டுப் போனாள். யாரும் கேட்காமல் அவள் செய்த ஒரே வேலை அது.

தகரப் பலகையைக் கழற்றினார்கள். இனி மெயின் சுவிட்ச் இஸ்ஹாக்கின் பொறுப்பு, கணினி அணைந்த பிறகே அவர் போக வேண்டும் என்று மனேஜர் உத்தரவு போட்டார். இஸ்ஹாக் இரண்டு நாள் இருந்து பார்த்தார். மூன்றாம் நாளிலிருந்து நாலு பத்துக்குப் பையை மாட்டி, வட்டம் சுற்றச் சுற்ற மெயினையும் விழுத்திவிட்டுப் போனார்; காலைகள் பழையபடியே.

நூஹுவின் துண்டுக் கடிதம் அடுத்த மாத ஆரம்பத்தில் வந்தது. இந்தத் தடவை ‘மேலும் ஓராண்டுக்கு’ இல்லை. ‘சேவை இனித் தேவைப்படாது.’ புதன்கிழமை கடைசி நாள். கடிதம் தமிழில்தான் இருந்தது, அவர் ஒரு எழுத்து விடாமல் வாசித்தார். அலீமா நேர்ந்த நோன்பு இரண்டையும் பிடித்தே தீருவேன் என்று பிடித்தாள். நேர்ந்தது நடக்காவிட்டால் பிடிக்கத் தேவையில்லையே என்று நூஹு சொன்னதற்கு, “எனக்குப் படைச்சவனோட கதைக்க வேற வழியில்ல” என்று அழுதாள். அவருக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. பெரும்பாலும் தன் வலது கைமேல்தான் வந்தது.

புதன்கிழமை நாலு பத்துக்கு இஸ்ஹாக் எழும்பினார். அன்று பெரிய புதுப்பிப்பு ஒன்று வந்திருந்தது. அழுத்தினார். “நூஹு, இண்டைக்கு மட்டும் நீ கொஞ்சம் பாத்துக்கோ” என்றார். வாசலில் ஒரு கணம் தயங்கி நின்றார். ஏதாவது சொல்லப் போகிறார் என்று நூஹு காத்திருந்தார். பஸ் ஹோர்ன் அடித்தது.

நூஹு ஜன்னல்களைச் சாத்தினார். கை பழக்கத்தில் சுவிட்சுப் பக்கம் போயிற்று. அதைத் திருப்பி எடுத்துக்கொண்டு கணினிக்கு முன்னால் வந்தார். வட்டம் சுற்றியது. அதன் கீழே தமிழில் இருந்தது: ‘கணினியை அணைக்க வேண்டாம்.’

இஸ்ஹாக்கின் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பத்தொன்பது வருடத்தில் அந்தக் கந்தோரில் கதிரையில் சாய்ந்து உட்கார்ந்தது அன்றுதான். நாலேகால் தாண்டியது. எதிர்க் கடைக்காரர் எட்டிப் பார்த்தார், லைட் எரிகிறதே என்று. பதினெட்டு சதவீதம். நாற்பத்தொன்று. அறுபதில் கொஞ்ச நேரம் நின்றது. நூஹு கதிரையின் நுனிக்கு வந்தார். தொண்ணூற்றாறு. திரை கறுத்தது. பெட்டியின் இரைச்சல் ஓய்ந்தது. இஸ்ஹாக் சொன்னது உண்மைதான், தானாகத்தான் நின்றது.

மெயினை விழுத்தினார். கொப்பியில் எழுதினார்: ‘4.38.’ கழித்துப் பார்த்தார். இருபத்துமூன்று நிமிடம். அவர் வீட்டுக்குப் போக அவசரப்பட்டவரே அல்ல. அஸர் தொழுதுவிட்டுக் கடையில் பிளேன்டீ குடித்து, பேப்பரை இரண்டாம் தடவை வாசித்து, ஐந்தரைக்குத்தான் சைக்கிளை எடுப்பார். யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இருபத்துமூன்று நிமிடம் என்ன, மஃரிப் வரைக்கும் அந்த மெஷினுக்குக் காவல் இருந்திருப்பார். அந்தக் கொப்பியையும் மற்றப் பதினொன்றையும் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு, சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

இரண்டு நாள் கழித்து, ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படியில் செருப்புத் தேடிக்கொண்டிருந்தபோது உப்பளத்தில் வேலை செய்கிற ஒருவர் தோளில் தட்டினார். நேற்றுக் காலை பதிவுக்குக் கந்தோருக்குப் போனாராம்.

“நூஹு, கேட்டியா புதினம்? நேத்து மெஷின் போட்ட உடன எழும்பிட்டு. அஞ்சு நிமிசத்தில எண்ட வேலை முடிஞ்சு. கிளாக்கர் சேர் எல்லாருக்கும் சொல்லிச் சிரிச்சாரு, ‘பாத்தீங்களா, ஆள் போனதும் மெஷின் சுகமாயிட்டு’ எண்டு.”

நூஹு ஒரு செருப்பை மாட்டிவிட்டு மற்றதைத் தேடினார்.

“ஓம்” என்றார். “சுகமாயிட்டுத்தான்.”